மின்னஞ்சல் முகவரியில் எண்: தனிநபருக்கும் சங்கங்களுக்குமான முழுமையான வழிகாட்டி

பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துப் பள்ளி எதிலும் ஒரு வகுப்பின் வருகைப் பதிவேட்டைத் திறந்தால், எம். சக்திவேல் இருவர், கே. முருகன் மூவர் என்று இருப்பது வழக்கமே. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதல் எழுத்தும் நமது பெயரும்தான் உண்டு. ஆசிரியர் அவர்களை ஊர் சொல்லியோ உயரம் சொல்லியோ பிரித்தறிந்துகொள்வார். மின்னஞ்சல் நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லை. உலகிலுள்ள முருகன்கள் எல்லோருக்கும் அங்கே ஒரே வரிசைதான் என்பதால், விரும்பிய பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டதென்று திரை சொன்னவுடன், பிறந்த ஆண்டையோ கைப்பேசி எண்ணையோ பின்னால் ஒட்டி வேலையை முடித்துக்கொள்கிறோம். ஐந்து விநாடியில் எடுத்த அந்த முடிவோடு இருபது ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சில பள்ளிகளுக்கும் சிறு அமைப்புகளுக்கும் மின்னஞ்சல் அமைத்துக் கொடுத்த அனுபவத்திலிருந்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். தனக்கென ஒரு முகவரி தொடங்குபவருக்கு முற்பகுதி போதும். உறுப்பினர்களுக்கோ மாணவர்களுக்கோ நூற்றுக்கணக்கில் முகவரி வழங்கும் பொறுப்பில் இருப்பவர் பிற்பகுதியைப் படிப்படியாகப் பின்பற்றலாம். இரு பகுதிக்கும் அடிப்படை ஒன்றே: முகவரியில் இடும் எண், அதற்கு உரியவரைப் பற்றி எதையும் சொல்லக்கூடாது. முகவரிகள் நடைமுறையில் ஆங்கில எழுத்திலேயே தட்டச்சு செய்யப்படுகின்றன என்றாலும், வாசிப்பதற்கு எளிதாக இருக்குமென்று எடுத்துக்காட்டுகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

விதிகள் அனுமதிப்பது என்ன?

1971-இல் அமெரிக்கக் கணினிப் பொறியாளர் ரே டாம்லின்சன் தேர்ந்தெடுத்த @ குறி முகவரியை இரண்டாகப் பிரிக்கிறது. அதற்கு இடப்பக்கம் இருப்பது பெயர்ப்பகுதி. வலப்பக்கம் இருப்பது டொமைன். அஞ்சல் கடத்தும் முறையை வகுக்கும் ஆர்எஃப்சி 5321 என்ற ஆவணம் பெயர்ப்பகுதிக்கு 64 எழுத்து வரை இடம் தருகிறது. அதில் எண் முதலிலும் வரலாம், நடுவிலும் வரலாம். முழுவதும் எண்ணாகவே இருந்தாலும் பிழையில்லை. எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்று ஒரு பதிவுப் படிவம் அடம்பிடித்தால், அது அந்தப் படிவத்தை எழுதியவரின் விதியேயன்றி மின்னஞ்சலின் விதி அன்று.

அதே ஆவணத்தில், பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் இன்னொரு விதியும் உண்டு. பெயர்ப்பகுதிக்குப் பொருள் கொள்ளும் உரிமை அஞ்சலைப் பெறும் சர்வருக்கு, அதாவது அஞ்சலை வாங்கி வைக்கும் கணினிக்கு, மட்டுமே உரியது. வழியில் இருக்கும் எந்தச் சர்வரும் அதை மாற்றவோ, திருத்தவோ, கூட்டிக் கழிக்கவோ கூடாது. எனவே மின்னஞ்சலுக்கு 0057 என்பதும் 57 என்பதும் இரண்டு வேறு முகவரிகள். அங்கே எண் என்பது அளவு அல்ல. வரிசையாக அடுக்கிய எழுத்துகள் மட்டுமே. பின்னால் வரப்போகும் சிக்கல்களில் பாதி, இந்த வேறுபாட்டை மறப்பதால் வருபவை.

டொமைனில் விதி கொஞ்சம் மாறுகிறது. முதலில் டொமைனின் ஒவ்வொரு துண்டும் எழுத்தில் தொடங்க வேண்டுமென்றே இருந்தது. 1989-இல் வந்த ஆர்எஃப்சி 1123 தான் முதலிலேயே எண் வரலாம் என்று தளர்த்தியது. டொமைனுக்குப் பதிலாக, இணையத்தில் சர்வரை அடையாளம் காட்டும் ஐபி எண்ணைச் சதுர அடைப்புக்குள் இட்டு அனுப்பவும் விதியில் இடமுண்டு. ஆனால் இன்று பெரும்பாலான சர்வர்கள் அப்படி வரும் அஞ்சலைச் சந்தேகத்தோடே பார்க்கும் என்பதால், சோதனைக்குத் தவிர வேறெதற்கும் அதைப் பயன்படுத்த வேண்டியதில்லை.

எண்ணே பெயராக இருந்த காலம்

எண் முகவரி புதிய யோசனை அன்று. 1969-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் தொடங்கிய கம்ப்யூசெர்வ் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்குப் பெயர் கொடுக்கவில்லை. காற்புள்ளியால் பிரிந்த இரு எண்களைக் கொடுத்தது. அந்நிறுவனம் ஓட்டிய பழைய கணினிகளின் கணக்கு முறையிலிருந்து வந்தவை என்பதால் அந்த எண்களில் 8-ஐயும் 9-ஐயும் காண முடியாது. அவை 0 முதல் 7 வரையிலான எட்டின் அடிமான எண்கள். 1989-இல் அந்த வாடிக்கையாளர்கள் இணைய அஞ்சலோடு இணைக்கப்பட்டபோது ஒரு தடை எழுந்தது. இணைய அஞ்சலில் காற்புள்ளி என்பது ஒரு பெறுநரை அடுத்தவரிடமிருந்து பிரிக்கும் குறி. ஆகவே காற்புள்ளி இருந்த இடத்தில் புள்ளி வைத்து எழுத வேண்டியதாயிற்று. ஓர் அமைப்புக்குள் இயல்பாகத் தோன்றிய எண், வெளியே வந்ததும் இடறிய முதல் பாடம் அது.

சீனாவில் கதை வேறு மாதிரி. 1999-இல் டென்சென்ட் நிறுவனம் தொடங்கிய கியூகியூ என்ற உரையாடல் சேவையில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கிடைத்தது. பின்னர் அந்த எண்ணே மின்னஞ்சலின் பெயர்ப்பகுதியும் ஆயிற்று. 163 என்ற எண்ணையே டொமைனாகக் கொண்ட அஞ்சல் சேவையும் அங்கே மிகப் பெரியது. தொலைபேசி வழியே இணையத்தில் சேர ஒருகாலத்தில் சுழற்றிய எண் அது. ரோமன் எழுத்தில் பெயர் எழுதிப் பழகாத கோடிக்கணக்கானோருக்கு எண் எளிதாக இருந்தது.

இந்தக் காரணம் நமக்கும் பொருந்தும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள். அவரவர் எழுத்து வேறு, ஆனால் கைப்பேசியில் தட்டும் 0 முதல் 9 வரை எல்லோருக்கும் ஒன்றே. ஆங்கில எழுத்துக் கூட்டத் தெரியாத விவசாயியும் எண்ணைப் பிழையின்றிப் படிப்பார். ஆகவே எண் முகவரியை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. எந்த எண்ணை இடுவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

தமிழ் எண்களையே இடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. ஆங்கிலமல்லாத எழுத்துகளை முகவரியில் ஏற்கும் விதிகள் 2012-இல் ஆர்எஃப்சி 6531 முதலிய ஆவணங்களாக வந்துவிட்டன. அனுப்பும் சர்வரும் பெறும் சர்வரும் அவற்றை ஏற்குமானால் தமிழ் முகவரி செல்லும். இருந்தும் தமிழ் எண்களை நான் பரிந்துரைப்பதில்லை. ௧ என்ற ஒன்று க என்ற எழுத்தைப் போலவும், ௨ என்ற இரண்டு உ போலவும், ௭ எ போலவும், ௮ அ போலவும் தோன்றுவதால், கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும் முகவரிகள் பிறந்துவிடும்; ஏமாற்ற நினைப்பவருக்கு அது வசதி.

தனிநபருக்கு: எந்த எண்ணை விலக்குவது?

முதலில் விலக்க வேண்டியது பிறந்த ஆண்டு. பதிவிறக்கும் மின்-ஆதார் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில் எழுதி, அதோடு பிறந்த ஆண்டைச் சேர்த்தது. முருகன்1987 என்று முகவரி வைத்திருப்பவர் அந்தக் கடவுச்சொல்லுக்குத் தேவையான இரண்டையும் தன் முகவரியிலேயே எழுதி, காணும் ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கணினி மையத்திலோ நகலெடுக்கும் கடையிலோ பதிவிறக்கிவிட்டு அழிக்க மறந்த கோப்பு ஒன்று கிடந்தால், அதைத் திறக்க வேறெதுவும் வேண்டாம். வங்கிகள் அனுப்பும் கணக்கு அறிக்கைகள் பலவற்றின் கடவுச்சொல்லிலும் பிறந்த தேதி ஏதோவொரு வடிவில் இருக்கிறது.

அடுத்தது கைப்பேசி எண். இதில் இரண்டு கேடுகள் உள்ளன. முகவரி பார்த்த எவரும் அழைக்கலாம் என்பது வெளிப்படையான கேடு. மற்றது மெதுவாக வருவது: இணைப்பை விட்டுவிட்டால் அந்த எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து நிறுவனம் வேறொருவருக்குக் கொடுக்கலாம். எண் புதியவருக்குப் போய்விடும். முகவரி உங்களிடமே நிற்கும். பிறகு அந்த முகவரியைப் பார்ப்பவர் அதிலுள்ள எண்ணுக்கு அழைத்தால் எடுப்பவர் வேறு யாரோ. கடவுச்சொல்லை மீட்கும் குறுஞ்செய்தியும் அதே பழைய எண்ணுக்கே போகுமாறு விட்டிருந்தால், அஞ்சல் பெட்டியின் சாவியே கைமாறிவிட்டதாகக் கொள்ளலாம். மேலும், ஜிமெயிலில் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணை மட்டும் முகவரியாக வைக்கவும் முடியாது. பெயர்ப்பகுதி எட்டு எழுத்துகளோ அதற்கு மேலோ நீண்டால் அதில் ஓர் ஆங்கில எழுத்தாவது இருக்க வேண்டும் என்பது அதன் விதி.

தொலைபேசி எண்ணை இணையத்தோடு முறையாகப் பிணைக்கும் முயற்சி ஒன்று 2000-ஆம் ஆண்டில் தரநிலையாகவே வந்தது என்பதை இங்கே சொல்லிவிடலாம். அதில் எண்ணைக் கடைசி இலக்கத்திலிருந்து தலைகீழாகத் திருப்பி, ஒவ்வோர் இலக்கத்துக்கும் நடுவே புள்ளி வைத்து, டொமைனாக எழுத வேண்டும். தொலைபேசி எண்ணில் நாட்டுக் குறியீடு இடப்பக்கம் வரும். டொமைனில் பெரிய பிரிவு வலப்பக்கம் வரும். ஆகவே அந்தத் தலைகீழ். அழகான யோசனைதான், பொதுமக்கள் கைக்கு வந்து சேரவில்லை.

ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், குடும்ப அட்டை எண் ஆகியவற்றை முகவரியில் இடக்கூடாது என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். கைப்பேசி எண்ணுக்குப் பின் @ குறியும் சில எழுத்துகளும் வரும் யுபிஐ முகவரியைப் பலர் மின்னஞ்சல் முகவரி என்றே எண்ணி, விண்ணப்பப் படிவத்தில் எழுதிவிடுகிறார்கள். 2016-இல் வந்த யுபிஐ, @ குறியை மின்னஞ்சலிடமிருந்து இரவல் வாங்கியதேயன்றி வேறு உறவு இரண்டுக்கும் இல்லை. @ குறிக்கு வலப்பக்கம் புள்ளி இல்லையென்றால் அது பணம் பெறும் முகவரி. அங்கே கடிதம் போகாது. படிவங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் புள்ளியைத்தான்.

அப்படியானால் தனிநபர் என்னதான் இடுவது? ஊர்ப்பெயரைப் பெயரோடு சேர்த்துக்கொள்வது நமது பழைய வழக்கம். சக்திவேல்.பென்னாகரம் என்பது சக்திவேல்1994 என்பதைவிட நினைவில் நிற்கும். கேட்பவரும் பிழையின்றி எழுதுவார். எண் வேண்டியே தீருமென்றால், தனக்கு எவ்வகையிலும் தொடர்பில்லாத இரண்டு அல்லது மூன்று இலக்கங்களைத் தேர்ந்துகொள்ளலாம். அதில் 0, 1 ஆகியவற்றைத் தவிர்ப்பது நன்று. ஆங்கிலத்தின் ஓ எழுத்தும் சுழியும், எல் எழுத்தும் ஒன்றும் கையெழுத்தில் பிரித்தறிய முடியாதவை.

ஏற்கெனவே பிறந்த ஆண்டோடு முகவரி வைத்திருப்பவர் பதற வேண்டியதில்லை. புதிய முகவரியைத் தொடங்கி, பழையதற்கு வருபவை தானே புதியதற்கு வந்து சேருமாறு அமைத்து, வங்கி, வருமான வரி, வருங்கால வைப்பு நிதி என ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். பழைய கணக்கை மட்டும் அழிக்கக்கூடாது. அவ்வப்போது உள்நுழைந்தும் வர வேண்டும். இரண்டு ஆண்டுகள் தொடாத கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நீக்கத் தொடங்கியிருக்கிறது. யாகூ நிறுவனம் 2013-இல், ஓராண்டுக்கு மேல் பயன்படாத முகவரிகளைப் பிறருக்குத் திறந்துவிட்டது. வேறொருவர் கைக்குப் போன பழைய முகவரிக்கு உங்கள் கடிதங்கள் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும்.

அமைப்புகளுக்கு: எண் முகவரி வழங்கும் முறை

ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் எண்ணூறு உறுப்பினர்களுக்குத் தன் டொமைனில் முகவரி வழங்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளியானாலும் மாம்பழக்கூழ் ஆலையானாலும் முறை இதுவே.

முதற் படி, எண்ணுக்குள் எதையும் பொதியாமல் இருப்பது. மாவட்டத்துக்கு ஓர் இலக்கம், வட்டத்துக்கு ஓர் இலக்கம், சேர்ந்த ஆண்டுக்கு இரண்டு என்று அடுக்கத் தோன்றும், செய்யாதீர்கள். கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. தருமபுரியே 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்ததுதான். மாவட்டத்தை எண்ணில் பொதித்திருந்தால், அந்த நாளோடு பாதி எண்கள் பொய்யாகியிருக்கும். 1972-இல் வந்த அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள்: தருமபுரி நகரத்தின் 636701 இன்றும் சேலத்தின் 636 என்ற தொடக்கத்தையே சுமக்கிறது, அதே மாவட்டத்துக் காரிமங்கலமோ கிருஷ்ணகிரியோடு சேர்ந்து 635-இல் தொடங்குகிறது. கடிதங்களை வகைபிரிக்கும் தடத்துக்காக அமைந்த எண் என்பதால் அங்கே அது குறையில்லை. ஆளைக் குறிக்கும் எண்ணில் அப்படி நேர்ந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முகவரியை மாற்ற வேண்டிவரும்.

பல்கலைக்கழகப் பதிவெண்ணை அப்படியே மாணவர் முகவரியாக்கும் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். அண்ணா பல்கலைக்கழகத்தின் பன்னிரண்டு இலக்கப் பதிவெண்ணில் கல்லூரியின் குறியீடு, சேர்ந்த ஆண்டு, பாடப்பிரிவு, வரிசை எண் ஆகியவை அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு மாணவரின் எண் தெரிந்தால் அவர் வகுப்பு முழுவதின் முகவரியையும் எவரும் எழுதிவிடலாம். தேர்வுக்கு ஏற்ற எண், அஞ்சலுக்கு ஏற்றதன்று.

இரண்டாம் படி, எண்ணின் நீளத்தையும் தொடக்கத்தையும் முடிவுசெய்வது. எண்ணூறு பேருக்கு நான்கு இலக்க அடிப்படை எண் தாராளம். அதை 1000-இல் தொடங்க வேண்டும், 0001-இல் தொடங்கக்கூடாது. இதை என் சொந்தப் பிழையிலிருந்தே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் பள்ளிக்கு நானே 0001 முதல் பட்டியல் தயாரித்து, எக்செல் தாளிலிருந்து சர்வருக்கு ஏற்றினேன். எக்செல், எண்ணைக் கண்டால் அளவென்றே கொள்ளும். முன்னால் நின்ற சுழிகளை விழுங்கிவிட்டது. பெற்றோர் கையிலிருந்த அட்டையில் 0057. சர்வரில் இருந்ததோ 57. முதல் வாரம் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் திரும்பி வந்த பிறகே நான் பார்த்தேன். பன்னிரண்டு இலக்கத்தைத் தொட்டாலோ எக்செல் அதைப் பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டும். பதினைந்து இலக்கத்துக்கு மேற்பட்டவற்றைச் சுழியாகவே மாற்றிவிடும். எண்ணைத் தட்டும் முன்னரே அந்த நெடுவரிசை முழுவதையும் உரை வடிவத்துக்கு மாற்றிவிடுவதுதான் இதற்கு மருந்து. தட்டிய பின் மாற்றினால் போன சுழி திரும்பாது.

மூன்றாம் படியே இந்த வழிகாட்டியின் மையம்: சரிபார்ப்பு இலக்கம் சேர்ப்பது. பெயரில் ஓர் எழுத்து மாறினால் பெரும்பாலும் கடிதம் திரும்பி வரும். வரிசை எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் கடிதம் வேறொருவர் பெட்டியில் விழும். அனுப்பியவருக்கும் தெரியாது, பெறவேண்டியவருக்கும் தெரியாது. எண் முகவரியின் உண்மையான ஆபத்து இதுதான். இதைத் தடுக்கும் கணக்கு, 10 இலக்கமாக இருந்த காலத்து ஐஎஸ்பிஎன் நூல் எண்களில் பயன்பட்டதே.

அடிப்படை எண் 2746 என்று கொள்வோம். இடமிருந்து வலமாக இலக்கங்களை முறையே 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்க வேண்டும். இரண்டை ஐந்தால் பெருக்க 10. ஏழை நான்கால் பெருக்க 28. நான்கை மூன்றால் பெருக்க 12. ஆறை இரண்டால் பெருக்க 12. கூட்டினால் 62. அதைப் பதினொன்றால் வகுத்தால் மீதி 7. பதினொன்றிலிருந்து ஏழைக் கழித்தால் 4. அந்த நான்கைக் கடைசியில் சேர்த்தால் உறுப்பினர் எண் 27464. மீதி 0 வந்தால் சரிபார்ப்பு இலக்கமும் 0. மீதி 1 வந்தால் சேர்க்கவேண்டியது 10 ஆகிவிடும்; அது ஓர் இலக்கத்தில் அடங்காது என்பதால் அந்த அடிப்படை எண்ணையே விட்டுவிட வேண்டும். 1000 முதல் 9999 வரையுள்ள ஒன்பதாயிரத்தில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு இப்படிக் கழிந்தாலும், எண்ணாயிரத்துக்கு மேல் மிஞ்சும்.

பயனைச் சோதித்துப் பார்க்கலாம். சரியான எண்ணில், கடைசி இலக்கத்தையும் ஒன்றால் பெருக்கிச் சேர்த்தால் மொத்தம் பதினொன்றால் வகுபடும்; 27464-க்கு அது 62-உம் 4-உம் சேர்ந்த 66. ஒருவர் 27464 என்பதை 27644 என்று இலக்கம் மாற்றி எழுதிவிட்டார். கடைசி இலக்கத்தை ஒன்றால் பெருக்கிச் சேர்க்க, 10, 28, 18, 8, 4 என மொத்தம் 68, பதினொன்றால் வகுபடவில்லை, ஆகவே அப்படியோர் உறுப்பினரே இல்லை. ஏதேனும் ஓர் இலக்கம் தவறினாலும், எந்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும், இந்தக் கணக்கு தவறாமல் பிடித்துவிடும். பிழையான முகவரி எவருக்கும் உரியதாக இராது, கடிதம் திரும்பிவிடும். நமக்கு வேண்டியதும் அதுவே.

நான்காம் படி, எண்களை வரிசையாகக் கொடுக்காமல் கலைத்துக் கொடுப்பது. தகுதியான எண்களின் பட்டியலைக் கலைத்து, முதல் எண்ணூறை எடுத்துக்கொள்ள வேண்டும். வரிசையாகக் கொடுத்தால், ஒருவர் எண்ணைக் கொண்டு அடுத்தவர் எண்ணைக் கணிக்கலாம். யார் முதலில் சேர்ந்தார், மொத்தம் எத்தனை பேர் என்பனவும் வெளிப்படும். கலைத்துக் கொடுத்தால் கண்மூடித்தனமாகத் தட்டும் ஐந்திலக்க எண், நூற்றில் ஒரு முறைகூட உறுப்பினர் ஒருவரைச் சென்றடையாது.

ஐந்தாம் படி, எண்ணுக்கு முன் ஓர் எழுத்து. விதி கேட்கவில்லையென்றாலும் மூன்று காரணங்களுக்காக நான் இதை வலியுறுத்துவேன். எழுத்தில் தொடங்கினால் எக்செல் அதை எண்ணாகக் கொள்ளாது. லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சர்வரில் முழுவதும் எண்ணாலான பயனர் பெயருக்கும் அமைப்பு தானே தரும் பயனர் எண்ணுக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். 2017-இல், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி என்ற மென்பொருள், இலக்கத்தில் தொடங்கும் பயனர் பெயரைச் செல்லாதென்று ஒதுக்கிவிட்டு, அந்தப் பெயரில் ஓடவேண்டிய சேவையை முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராக ஓட்டியது பெரும் விவாதமாயிற்று. குப்பை அஞ்சல் வடிகட்டிகளின் போக்கு மூன்றாவது காரணம். பரவலாகப் பயன்படும் ஸ்பேம்அசாசினில், அனுப்புநர் முகவரி எண்ணில் தொடங்குவதையும், அதில் நீண்ட எண்வரிசை வருவதையும் குறித்துப் புள்ளி கூட்டும் விதிகள் இருந்துள்ளன. அந்தப் புள்ளிகள் தனியே ஒரு கடிதத்தைக் குப்பைக்கு அனுப்பாது. வேறு குறைகளும் சேர்ந்தால் அனுப்பும். உறுப்பினர் என்பதற்கு ஆங்கில எம் எழுத்தை முன்னிட்டால் எம்27464 என்று வரும். எழுத்தறியாதவரும் ஒரே ஓர் எழுத்தின் வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்வார்.

ஆறாம் படி சர்வரில். சொந்தமாக போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் ஆகிய அஞ்சல் சர்வர் மென்பொருள்களைக் கொண்டு நடத்துபவர், உறுப்பினரை லினக்ஸ் பயனராகச் சேர்க்காமல் தனிப் பட்டியலில் மெய்நிகர்ப் பெட்டிகளாகவே வைக்க வேண்டும். ஜோஹோ, கூகுள் போன்ற சேவையில் கட்டணம் செலுத்தி நடத்துபவர் பட்டியல் கோப்பை ஏற்றினால் போதும். இருவருமே மறக்காமல் செய்யவேண்டியது, எந்த முகவரிக்கு வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் பொதுப்பெட்டி வசதியை அணைத்துவைப்பது. அது இயங்கினால் பிழையான எண்ணுக்கு வரும் கடிதமும் திரும்பாமல் உள்ளே வந்து தேங்கும். மூன்றாம் படியில் செய்த கணக்கெல்லாம் வீண். அனுப்புநரை உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை டொமைனில் சேர்ப்பது எந்த முகவரிக்கும் பொதுவான வேலை.

ஏழாம் படி, எண்ணோடு பெயரையும் இணைப்பது. ஒரே பெட்டிக்கு எண்ணை நிலையான முகவரியாகவும், பெயரைத் துணை முகவரியாகவும் வைக்கலாம். நம் ஊரில் இதற்குத் தனிப் பயன் உண்டு. திருமணத்துக்குப் பின் தந்தையின் முதலெழுத்தை விட்டுக் கணவரின் முதலெழுத்தை ஏற்கும் பெண்கள் பலர். பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும் ஆதாரில் ஒரு விதமாகவும் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டு உள்ளவர்கள் அதனினும் பலர். துணை முகவரியை எத்தனை முறை மாற்றினாலும் எண் முகவரி அசையாமல் நிற்கும். சங்கக் கணக்குகள் அதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

எட்டாம் படி, அட்டை அச்சிடுவதும் வாயால் சொல்வதும். முகவரியைத் தெளிவான எழுத்துருவில், இடைவெளியின்றி அச்சிட வேண்டும். கைப்பேசியில் சொல்லும்போது இலக்கங்களைத் தமிழில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். பேருந்து நிலைய இரைச்சலில் ஃபைவ் எது, நைன் எது என்று பிரித்தறிவது கடினம். ஐந்தும் ஒன்பதும் குழம்புவதில்லை. ஓசூர்ப் பக்கத்து உறுப்பினருக்குத் தெலுங்கிலோ கன்னடத்திலோ சொல்லிக்கொள்ளட்டும். அலுவலகத்தில் எழுதிக்கொள்பவர் சரிபார்ப்புக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் போதும்.

ஒன்பதாம் படி, திறப்பதற்கு முன் சோதனை. வெளியிலுள்ள ஒரு ஜிமெயில் கணக்கிலிருந்து மூன்று கடிதங்கள் அனுப்புங்கள்: ஒன்று சரியான எண்ணுக்கு, ஒன்று ஓர் இலக்கம் மாற்றிய எண்ணுக்கு, ஒன்று எழுத்தை விட்டு எண்ணுக்கு மட்டும். முதலாவது சேர வேண்டும். மற்ற இரண்டும் 550 என்ற பிழைக் குறியீட்டோடு, பெறுநர் இல்லை என்று சொல்லித் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஆறாம் படியில் சொன்ன பொதுப்பெட்டி எங்கோ இயங்கிக்கொண்டிருக்கிறது.

கடைசியாக, எண்ணை ஓய்வுபெறச் செய்வது. உறுப்பினர் விலகினாலோ காலமானாலோ பெட்டியை மூடலாம். அவர் எண்ணை வேறொருவருக்கு ஒருபோதும் தரக்கூடாது. வங்கியும் உரக்கடையும் பழைய எண்ணுக்கே கடிதம் அனுப்பிக்கொண்டிருக்கும்; அவை புதியவர் கையில் சேர்ந்துவிடும். வழங்கிய எண், உறுப்பினர் பெயர், வழங்கிய நாள், மூடிய நாள் என்று நான்கு பத்திகளோடு ஒரு பதிவேடு போதும். அதைக் கணினியில் வைப்பதோடு, ஆண்டுக்கு ஒருமுறை அச்சிட்டுச் சங்க அலுவலகத்துப் பீரோவிலும் வைத்துவிடுங்கள். சர்வரை அமைத்துக் கொடுத்தவர் பெங்களூருக்கு வேலை மாறிப் போன பிறகும் அடுத்து வருபவர் எந்த எண் யாருடையது என்று அதில் பார்த்துக்கொள்வார்.